தரையிற் கற்ற பறப்பு

எமது தலைமுறைக்கு விமானம் முதலில் குண்டு போட வந்தது. பின்னர் ஊரைவிட்டுக் கொண்டுபோக வந்தது. முதலாவதைக் கண்டு பதுங்குகுழிக்குள் ஓடினோம். இரண்டாவதில் ஏறுவதற்குக் காணியை விற்றோம். இரண்டு வேளையிலும் அதை ஓட்டியவர் அந்தத் தொழிலை எங்கே, எப்படிக் கற்றார் என்று கேட்க எமக்கு அவகாசம் இருக்கவில்லை.

அந்தக் கேள்விக்கான விடை சற்று வியப்பானது. இன்று பயணிகள் விமானம் ஓட்டும் ஒருவர் தனது விமானத்தில் நேரக்கூடிய மிக மோசமான விடயங்களை வானத்தில் வைத்துக் கற்பதில்லை. தரையில், ஆறு இயந்திரக் கால்களில் நிற்கும் ஒரு பெட்டிக்குள் இருந்து கற்கிறார். சிமியூலேற்றர் என்று அதனைச் சொல்கிறார்கள். நான் இங்கு பாவனைப் பொறி என்று எழுதுகிறேன். அனுபவமுள்ள ஒரு விமானி வேறொரு ரக விமானத்துக்கு மாறும்போது பயிற்சி முழுவதையும் இந்தப் பெட்டிக்குள்ளேயே முடித்துவிடலாம். அந்த ரகத்தை அவர் முதன்முறையாக உண்மையில் மேலே கிளப்பும்போது பக்கத்தில் ஒரு பயிற்சிக் கப்டன் இருப்பார். பின்னால் பயணிகள் இருப்பார்கள்.

நான் விமானியல்லன். பொறியியற் படிப்பை அரைவாசியில் விட்டுவிட்டு வந்து, உணவகமொன்றின் சமையலறையில் நிற்பவன். விட்டுப்போன படிப்பின் மிச்ச ஆசையில் இந்தப் பெட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அது இயந்திரத்தின் வரலாறாக மட்டும் தெரியவில்லை. யார் செத்ததால் யார் என்ன கற்றார்கள் என்பதன் வரலாறாகவும் தெரிந்தது.

*

விமானம் பிறந்து சில ஆண்டுகளிலேயே பாவனையும் தொடங்கிவிட்டது. 1910ஆம் ஆண்டளவில் பிரான்சின் அன்ரொனெற் கொம்பனி, பீப்பாவை இரண்டாகப் பிளந்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேற்பாதியில் மாணவனை இருத்தியது. வெளியே நின்ற ஆட்கள் பீப்பாவைக் கையாற் பிடித்து ஆட்டினார்கள். மாணவன் சக்கரங்களைத் திருப்பி அதனை நேராக்க வேண்டும். விமானப் பயிற்சியில் முதல் ‘கணனி’ இரண்டு மூன்று ஆட்களின் தோள்தான்.

உண்மையான தொடக்கம் அமெரிக்காவில். எட்வின் லிங்க் 1904இற் பிறந்தவர். நியூயோர்க் மாநிலத்தின் பிங்ஹாம்ரன் நகரில் அவருடைய தந்தையாருக்குத் தானியங்கிப் பியானோக்களும், பேசாப்படக் கொட்டகைகளில் வாசிக்கும் பெரிய ஓகன்களும் செய்யும் தொழிற்சாலை இருந்தது. 1920இல் லிங்க் தன் முதலாவது பறப்புப் பாடத்துக்கு ஐம்பது டொலர் கொடுத்தார். அக்காலத்தில் அது பெருந்தொகை. கற்பித்தவர் சார்ளி சப்ளினின் அண்ணன் சிட்னி சப்ளின். ஒரு மணி நேரத்தில் விமானம் குட்டிக்கரணம் அடித்தது, சுழன்றது, கூரைகளை உரசுவதுபோற் பறந்தது. மாணவன் ஒருமுறைகூடக் கட்டுப்பாட்டுக் கோலைத் தொடவில்லை. பணமில்லாதவன் பறக்கக் கற்கவே முடியாது என்பது லிங்கிற்கு அன்று விளங்கியது.

அவர் கையில் இருந்தது ஓகன் வித்தை. காற்றைத் துருத்தியால் இழுத்தும் தள்ளியும் இசை எழுப்பத் தெரிந்தவர், அதே துருத்திகளால் ஒரு சிறு விமானக் கூட்டைச் சரிக்கவும் நிமிர்த்தவும் திருப்பவும் செய்தார். 1927இல் தொடங்கிய வேலை 1929இல் முடிந்தது. 1931இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் பறப்புப் பாடசாலைகள் அதைச் சீண்டவில்லை. அதை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்கள். காசு போட்டால் பிள்ளைகள் ஏறி ஆடும் விளையாட்டுச் சாமானாகச் சில ஆண்டுகள் அது காலம் தள்ளியது.

அதை விளையாட்டிலிருந்து தொழிலுக்குக் கொண்டுவந்தது சாவு.

*

அதை விளங்கிக்கொள்ள மனித உடலைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எமது சமநிலை உணர்வு உட்காதில் உள்ள திரவத்தால் வருவது. திருப்பம் தொடங்கும்போதும் முடியும்போதும் அது உணர்த்தும். ஒரே சீராகத் தொடர்ந்து திரும்பிக் கொண்டிருந்தால் சற்று நேரத்தில் அந்தத் திரவம் அடங்கிவிடும். நாம் நேராகப் போகிறோம் என்று உடல் அடித்துச் சொல்லும். தரையிற் கண் அதைத் திருத்திவிடும். முகிலுக்குள் கண்ணுக்கு வேலையில்லை. விமானம் சரிந்து சுழன்று இறங்கிக் கொண்டிருக்க, விமானி தான் நேராகப் பறப்பதாக நம்புவார். 1954இல் இலினோய்ப் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வொன்றில், கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பயிற்சியில்லாத இருபது விமானிகளை, வெளியே ஒன்றும் தெரியாத நிலையில் பறக்கவிட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு எடுத்த சராசரி நேரம் 178 செக்கன்கள்.

இதனை அதற்கு முன்பே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். அமெரிக்க இராணுவ விமானி வில்லியம் ஓக்கர் 1926இல், கண்ணை மூடிச் சுழல்கதிரையில் இருந்து, தன் உடல் தன்னை ஏமாற்றுவதைத் தானே கண்டவர். 1929 செப்டெம்பர் 24ஆந் திகதி ஜிம்மி டூலிற்றில், மூடப்பட்ட விமானி அறைக்குள் இருந்து கருவிகளை மட்டும் பார்த்து மேலெழுந்து, சுற்றி, தரையிறங்கிக் காட்டினார். எனினும் இராணுவத்தின் பொதுவான பயிற்சியில் இது பெரிதாக நுழையவில்லை. நல்ல விமானி உடலால் உணர்ந்து பறப்பவன் என்ற வீராப்பே நிலைத்திருந்தது.

1934 பெப்ரவரியில் ஜனாதிபதி றூஸ்வெல்ற் தனியார் கொம்பனிகளின் விமானத் தபால் ஒப்பந்தங்களை இரத்துச் செய்து, தபாலைக் கொண்டுசெல்லும் வேலையை இராணுவத்திடம் கொடுத்தார். மாரிகாலம். இரவு. பனிமூட்டம். திறந்த விமானங்கள். சில மாதங்களுக்குள் ஒரு டசின் வரையான இளம் விமானிகள் செத்துப் போனார்கள். அப்போதுதான் பூங்காவிற் பிள்ளைகள் ஆடிய பெட்டி இராணுவத்தின் நினைவுக்கு வந்தது. நியூவார்க் விமானத் தளத்தில் அதிகாரிகள் லிங்கை எதிர்பார்த்து நின்றார்கள். கடும் மூடுபனி, இந்த வானிலையில் அவர் வரமாட்டார் என்று கலைந்து போகவிருந்த நேரம் லிங்க் கருவிகளைப் பார்த்தே பறந்து வந்து இறங்கினார். 1934 யூனில் இராணுவம் ஒன்று 3,500 டொலர் வீதம் ஆறு பொறிகளை வாங்கியது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். லிங்க் பொறி உண்மையான பறப்பைப் போல இருக்கவில்லை. யன்னலில்லாத ஒரு நீலப் பெட்டி, மொட்டை இறக்கை, உள்ளே சில முட்கள். அது கற்பித்தது ஒன்றே ஒன்றுதான்: உன் உடலை நம்பாதே, முள்ளை நம்பு. வானத்தில் வைத்து இதைக் கற்கப் போனவனுக்கு இரண்டாவது பாடம் கிடைக்காமற் போகலாம். பெட்டிக்குள் நூறு தடவை விழலாம். ஆசிரியரின் மேசையில் ‘நண்டு’ என்று அழைக்கப்பட்ட சிறு கருவியொன்று வரைபடத்தின்மேல் மையால் கோடிழுத்துக்கொண்டு ஊர்ந்து போகும். மாணவன் வெளியே வந்ததும் தான் போனதாக நினைத்த வழியையும் உண்மையிற் போன வழியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் சுமார் பத்தாயிரம் நீலப் பெட்டிகள் செய்யப்பட்டன. கனடாவின் கனனோக் நகரிலும் அதற்கொரு தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவில் மட்டும் ஐந்து இலட்சம் வரையான விமானப்படையினர் இதிற் பயின்றதாகச் சொல்வர். போருக்கு முன்னர் லிங்க் யப்பானியக் கடற்படைக்கும் இதை விற்றிருந்தார். உயிர் காக்கவென்று வளர்ந்த பொறி, உயிர் எடுக்கப் போனவர்களையும் ஒரே மாதிரியே பயிற்றுவித்தது. எமது வானத்திற் பறந்தவர்களை நினைத்தால் இதில் எமக்குப் புதுமை இல்லை.

*

போர் முடிந்தபின் துருத்தியின் இடத்தை மின்னணுச் சுற்றுகள் பிடித்தன. 1948இல் கேர்ட்டிஸ்-றைற் கொம்பனி பான் அமெரிக்கன் நிறுவனத்துக்காகப் போயிங் 377 விமானத்தின் பாவனைப் பொறியைச் செய்தது. அது அசையவில்லை, வெளிக்காட்சியும் இல்லை. ஆனால் விமானி அறையின் ஒவ்வொரு ஆளியும் உண்மையானதைப் போலவே வேலை செய்தது. குழுவினர் ஒன்றாக இருந்து கோளாறுகளைச் சமாளித்துப் பழகினார்கள்.

அப்படியிருந்தும் ஆபத்தான பயிற்சிகள் நெடுங்காலம் உண்மை விமானங்களிலேயே நடந்தன. எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்று கற்பிக்க, பறக்கும்போதே எஞ்சினின் வலுவைக் குறைத்துக் காட்டுவார்கள். 1967 மார்ச் 30ஆந் திகதி நள்ளிரவுக்குப் பின் நியூ ஒர்லியன்சில் டெல்ரா நிறுவனத்தின் டிசி-8 விமானமொன்று, இரண்டு எஞ்சின்கள் நின்றதான பயிற்சியில் ஈடுபட்டிருந்தபோது கட்டுப்பாடிழந்து வீடுகளிலும் ஒரு ஹொட்டேலிலும் விழுந்தது. விமானத்தில் இருந்த ஆறு பேரும் தரையில் பதின்மூன்று பேரும் மாண்டனர். தரையில் இறந்தவர்களிற் பலர் சுற்றுலா வந்து ஹொட்டேலிற் படுத்திருந்த பாடசாலைப் பிள்ளைகள். இந்த மாதிரியான விபத்துகளும், எரிபொருளின் விலையும், கணனியின் வளர்ச்சியும் சேர்ந்து பயிற்சியைத் தரைக்கு இறக்கின. 1980இல் அமெரிக்க அரசு, மிகவுயர்ந்த தரமுள்ள பாவனைப் பொறியாயின் ரக மாற்றப் பயிற்சி முழுவதையும் அதிலேயே செய்யலாம் என்ற பாதையைத் திறந்துவிட்டது. இன்று இத்தகைய பொறிகளைச் செய்வதில் முன்னணியில் நிற்கும் நிறுவனங்களுள் ஒன்று மொன்றியலில் உள்ளது.

இந்த நவீன பொறி வேலை செய்யும் விதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது முதுகு கதிரையில் அழுந்துவதை நாம் அறிவோம். பெட்டியோ சில அடிகளுக்கு மேல் நகர முடியாது. எனவே அது மெல்லப் பின்னால் சாயும். புவியீர்ப்பு முதுகைக் கதிரையில் அழுத்தும். கண்முன்னால் ஓடுபாதை வேகமாக ஓடிவர, உடல் அதை வேகம் என்று நம்பிவிடும். பின்னர் உட்காது கண்டுபிடிக்காத அளவு மெதுவாகப் பெட்டி பழைய நிலைக்குத் திரும்பும். உடலை நம்பாதே என்று கற்பிக்கப் பிறந்த பொறி இப்போது உடலை ஏமாற்றியே பிழைக்கிறது.

*

இதே காலத்தில் பெட்டி வீட்டுக்குள்ளும் வந்தது. இலினோய்ப் பல்கலைக்கழகத்திற் படித்த புரூஸ் ஆர்ட்விக், சிறு கணனித் திரையில் பறப்பைக் காட்டும் மென்பொருளை எழுதினார். 1982இல் அதனை மைக்றோசொவ்ற் வெளியிட்டது. அகதி முகாமிலும் வாடகை அறையிலும் கிடந்த எங்கள் பெடியள் பலரும் இரவில் அதிற் பறந்திருக்கிறார்கள். விசா கேட்காத ஒரே விமானம் அதுதான். பலாலிக்கு மேலாற் பறந்து பார்த்தவர்களும் உண்டு. வீட்டிலிருந்து பழகுகிறவன் கருவிகளை வாசிக்கவும், செயல்முறைகளின் ஒழுங்கைப் பழகவும் உண்மையிலேயே கற்றுக்கொள்ளலாம். இதிலிருந்து தொடங்கி விமானியானவர்கள் இருக்கிறார்கள். கற்க முடியாதது கைப்பிடியின் பாரமும், காற்றின் முரட்டுத்தனமும், நிறுத்தும் பொத்தான் இல்லாத பயமும்.

அந்த விளையாட்டில் நெடுங்காலமாக ஆட்டம் தொடங்கும் இடம் சிக்காகோ ஏரிக்கரையின் மெய்க்ஸ் என்ற சிறு விமானத் தளம். 2003 மார்ச் மாத இறுதியில் நகரபிதாவின் உத்தரவில் இரவோடிரவாக புல்டோசர்கள் வந்து அதன் ஓடுபாதையைக் கிளறி அழித்தன. ஆனால் பழைய வட்டுகளில் அது அப்படியே இருக்கிறது. உலகத்தில் இல்லாத ஓர் இடத்திலிருந்து எத்தனையோ பேர் இன்னும் கிளம்பலாம். இடிக்கப்பட்ட வீட்டை நினைவிற் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2020இல் வந்த புதிய பதிப்பில், மெல்பேர்ண் நகரின் புறத்தே தனித்து நிற்கும் 212 மாடிக் கோபுரம் ஒன்று காணப்பட்டது. தேடிப் பார்த்தால், பொதுமக்கள் நிரப்பும் வரைபடமொன்றில் யாரோ 2 மாடி என்பதற்குப் பதிலாக 212 என்று அடித்துவிட்டார்கள். பொறி அதனைக் கேள்வியின்றி எழுப்பிவிட்டது. சிரிக்கத்தக்க பிழைதான். ஆனால் பாவனையின் இயல்பு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது: எழுதப்பட்டது இல்லாவிட்டாலும் இருக்கும், எழுதப்படாதது இருந்தாலும் இராது.

*

அப்படியானால் அந்தப் பெட்டிக்குள் எழுதப்படுவது எங்கிருந்து வருகிறது?

எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: எண்ணெய்த் தாச்சி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதே, மூடியால் மூடு. புதிதாக வரும் எவரும் அதை வாசித்துவிட்டே அடுப்படிக்குப் போக வேண்டும். எங்கோ எவரோ தண்ணீர் ஊற்றி எரிந்ததால் வந்த வாசகம் அது. விமானப் பெட்டியின் பாடங்களும் அப்படித்தான். 1978 டிசம்பரில் போர்ட்லண்டில் யுனைற்றெட் விமானமொன்று, சக்கரக் கோளாறொன்றை ஆராய்ந்துகொண்டே சுற்றிச் சுற்றி எரிபொருள் தீர்ந்து விழுந்தது. பத்துப் பேர் இறந்தனர். எரிபொருள் முடிகிறது என்று கப்டனுக்கு அழுத்திச் சொல்ல மற்றவர்களாலும் முடியவில்லை, கேட்கக் கப்டனாலும் முடியவில்லை. அதற்குப் பின்தான், குழுவாக இருந்து பேசுவதும் மேலுள்ளவரை மறுத்துச் சொல்வதும் பாவனைப் பொறியில் ஒரு பாடமாயிற்று. 1985 ஓகஸ்ற் 2ஆந் திகதி டல்லாசில், இடிமுகிலின் கீழ்நோக்கிய காற்று டெல்ரா விமானமொன்றைத் தரையில் அடித்து 137 பேரைக் கொன்றது. அந்த விமானத்தின் பதிவுக் கருவியிலிருந்து அந்தக் காற்றையே மீட்டெடுத்துப் பொறிகளில் ஏற்றினார்கள். அதன் பிறகு பயின்ற விமானிகள் அந்த மாலையின் அதே காற்றில் பறந்து பழகினார்கள்.

பாடம் பிழையாக எழுதப்பட்டாலோ? 2001 நவம்பர் 12ஆந் திகதி நியூயோர்க்கில் அமெரிக்கன் எயர்லைன்சின் 587ஆம் இலக்க விமானம், முன்னே சென்ற விமானத்தின் சுழற்காற்றிற் பட்டது. துணை விமானி சுக்கானை இருபுறமும் மாறிமாறி முழுமையாக மிதிக்க, வால் முறிந்து விழுந்தது. தரையிலிருந்த ஐவரோடு 265 பேர் இறந்தனர். அந்த நிறுவனத்தின் பாவனைப் பயிற்சியிலும் காரணத்தின் ஒரு பங்கு இருந்தது என விசாரணை கண்டது. பாடம் கடினமாக இருக்கவேண்டுமென்று, பெட்டியில் விமானியின் கட்டளைக்கு விமானம் சிறிது நேரம் இணங்காதபடி செய்திருந்தார்கள். மென்மையான தொடுகை போதாது, பலமாக மிதிக்க வேண்டும் என்ற எண்ணம் அதனால் வரக்கூடியதாக இருந்தது. பெட்டி பொய் சொன்னது. கால் அதை நம்பியது.

பாடம் எழுதப்படவே இல்லையென்றாலோ? 2009 யூன் 1ஆந் திகதி எயர் பிரான்சின் 447ஆம் விமானம் அத்திலாந்திக்கில் விழுந்து 228 பேர் மாண்டனர். வேகமானியின் குழாய்கள் பனியால் அடைபட, தானியங்கி விலகிக்கொண்டது. இறக்கை தன் ஏந்துவிசையை இழந்து விமானம் விழுந்துகொண்டிருக்க, மூக்கு மேலேயே இழுத்துப் பிடிக்கப்பட்டிருந்தது. அவ்வளவு உயரத்தில், வேகம் தெரியாத நிலையில், கையால் ஓட்ட அந்தக் குழுவுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை. அன்றைய பொறிகளும் முழுமையான ஏந்துவிசை இழப்பை உண்மைபோலக் காட்ட வல்லனவாக இருக்கவில்லை. 2013இல் அமெரிக்காவிற் புதிய விதி வந்தது. 2019 முதல் விமானிகள் பெட்டிக்குள் அப்படி விழுந்து மீளப் பழகவேண்டியதாயிற்று.

அதே 2009இல், ஜனவரி 15ஆந் திகதி, பறவைகள் மோதி இரு எஞ்சின்களும் வலுவிழந்த எயர்பஸ் ஒன்று நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தனர். விமான நிலையத்துக்குத் திரும்பியிருக்க முடியாதா என்று அறிய, விசாரணையாளர் பாவனைப் பொறியில் விமானிகளை இருத்திச் சோதித்தார்கள். பறவை மோதிய உடனேயே திரும்பியவர்களிற் சிலர் ஓடுபாதையை எட்டினார்கள். ஆனால் பெட்டிக்குள் இருந்தவர்களுக்கு என்ன நடக்கப் போகிறது என்று முன்பே தெரியும். நடந்தது என்ன என்று விளங்கி முடிவெடுக்க ஒரு மனிதருக்கு வேண்டிய 35 செக்கன்களைச் சேர்த்துச் சோதித்தபோது விமானம் போய்ச் சேரவில்லை. பாவனைக்கும் பறப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை எவராவது கேட்டால் அந்த 35 செக்கன்களைச் சொல்லலாம்.

*

இதுவரை சொன்னவற்றில் அறியாமை இருந்தது, பிழை இருந்தது. கடைசியாகச் சொல்வதில் கணக்கு இருந்தது.

போயிங் தனது 737 மக்ஸ் விமானத்தை, பழைய 737 ஓட்டியவருக்குப் பாவனைப் பொறிப் பயிற்சி தேவையில்லை என்று சொல்லி விற்றது. பொறிப் பயிற்சி என்றால் விமானிகளை வேலையிலிருந்து எடுத்து அனுப்ப வேண்டும். வாங்கும் நிறுவனத்துக்குச் செலவு. சவுத்வெஸ்ற் நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில், அப்பயிற்சி அவசியமானால் விமானமொன்றுக்குப் பத்து இலட்சம் டொலர் கழிவு தருவதாகப் போயிங் உறுதியளித்திருந்தது. எனவே சில மணி நேரக் கணனிப் பாடம் போதும் என்றாயிற்று. அதேவேளை, ஓர் உணரி பிழையாகச் சொன்னாலே விமானத்தின் மூக்கை மீண்டும் மீண்டும் கீழே அழுத்தக்கூடிய மென்பொருளொன்று அந்த விமானத்தில் இருந்தது. விமானிகளின் கைந்நூலில் அது விளக்கப்படவில்லை. 2017இல் இந்தோனேசியாவின் லயன் எயர், தன் விமானிகளுக்குப் பொறிப் பயிற்சி வேண்டுமென்று கேட்டது. போயிங் ஊழியர்கள் அது வேண்டாமென்று அவர்களைச் சம்மதிக்க வைத்தார்கள். அதைப் பற்றித் தமக்குள் எள்ளி எழுதிய செய்திகள் 2020 ஜனவரியில் வெளிவந்தன.

2018 ஒக்ரோபர் 29ஆந் திகதி லயன் எயரின் மக்ஸ் ஜாவாக் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். 2019 மார்ச் 10ஆந் திகதி எதியோப்பியன் எயர்லைன்சின் மக்ஸ் அடிஸ் அபாபாவுக்கு அருகில் விழுந்து 157 பேர் இறந்தனர். அந்த மே மாதம் இன்னொன்றும் தெரியவந்தது. இருந்த சில மக்ஸ் பாவனைப் பொறிகளிலும், கையாற் சுழற்றும் சக்கரம் அந்நிலையில் எவ்வளவு இறுகிப்போகும் என்பது சரியாக எழுதப்பட்டிருக்கவில்லை.

தபால் விமானிகள் செத்த 1934இல், அவர்களுக்கு வேண்டிய பெட்டி பூங்காவில் இருந்தது இராணுவத்துக்குத் தெரியாது என்றாவது சொல்லலாம். 2018இல் அப்படிச் சொல்ல வழியில்லை. மக்ஸ் ஓட்டத் திரும்பும் விமானிகள் எல்லோரும் பாவனைப் பொறியிற் பயிற்சி பெறவேண்டுமென்று போயிங் தானே பரிந்துரைத்தது 2020 ஜனவரியில். பெட்டி முன்னரே இருந்தது. பாடத்தையும் முன்னரே எழுதியிருக்கலாம். அதை எழுதுவதற்கு 346 பேர் வேண்டியிருந்தது.